வரிசையில் நிற்காத வீடு: எதற்கு முதலில் செலவழிப்பது?

இலங்கையின் பொருளாதாரம் குலைந்த 2022 ஆம் ஆண்டை என் தங்கை கொழும்பு வெள்ளவத்தையில், ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்தில் கழித்தாள். நான் யாழ்ப்பாணத்தில், கிணறும் பத்துப் பனையும் நிற்கும் வளவில் கழித்தேன். இப்போது அவளும் குடும்பமும் ஊருக்கே வந்து, எங்கள் அம்மம்மாவின் பழைய வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். திருத்தியது போக மிஞ்சிய பணத்தை என்ன செய்வது என்பதுதான் ஒரு மாதமாக எங்கள் பேச்சு. அவளுடைய கணவர் மின்பிறப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும் என்கிறார். அவளோ மூன்று மாதத்துக்கான அரிசி பருப்பை வாங்கி அடுக்க வேண்டும் என்கிறாள். வேலை செய்யும் மேசன், கிழக்கு வேலியைப் பிடுங்கிவிட்டு ஏழடி மதில் கட்டச் சொல்கிறார்.

"இன்னொரு 2022 வந்தால் இதில் எது அக்கா எங்களைக் காப்பாற்றும்?" என்று கேட்டாள். அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதினால், இதே யோசனையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும்.

ஒரு நாட்டின் அன்றாடம் எப்படிக் குலையும் என்பதை நாங்கள் இரண்டு தடவை பார்த்தவர்கள். 2022 இல் அது சத்தமில்லாமல் வந்தது. மார்ச் மாதத்தில் ரூபாயின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டு மிதக்கவிட்டார்கள். 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. ஜூன் கடைசியிலிருந்து இரண்டு வாரம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல். செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. பெற்றோலுக்கு, எரிவாயுவுக்கு, பால்மாவுக்கு, மண்ணெண்ணெய்க்கு என்று நாடே தெருவில் நின்றது. வரிசையில் நின்ற முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்தார்கள்.

முதல் தடவை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர். 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து, இரும்பு என்று பொருளாதாரத் தடைப் பட்டியல் நீண்டது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வானொலியில் செய்தி கேட்பதற்காக, நிறுத்திவைத்த சைக்கிளின் பெடலை நான் சுற்ற, டைனமோவிலிருந்து போன வயரை அப்பா பிடித்துக்கொண்டிருப்பார். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனங்காய்க் களியால் துணி தோய்த்தோம்.

அந்தக் காலம் எனக்குச் சொல்லித்தந்த பெரிய பாடம் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வந்தது. இராணுவம் நெருங்கியதால், யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமத்திலிருந்து எல்லாரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தது. மழை வேறு. அப்பாவின் களஞ்சிய அறையில் ஆறு மூடை நெல் இருந்தது. சைக்கிள் கரியரில் ஏறியது அரை மூடை அரிசி, ஒரு பானை, காணி உறுதிக் கட்டு. அவ்வளவுதான். ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்பியபோது நெல்லும் இல்லை, அந்த அறைக்குக் கதவும் இல்லை.

அதனால்தான் வீட்டுக்கு வாங்கும் எந்தப் பொருளிடமும் மூன்று கேள்வி கேட்கிறேன். வயரின், குழாயின், வரிசையின் மறுமுனை நின்றுபோனால் இது வேலை செய்யுமா? சாதாரண நாளிலும் இதைப் பாவிப்போமா, அல்லது மூலையில் கிடந்து பழுதாகுமா? ஓர் இரவில் கிளம்ப வேண்டி வந்தால் இதில் எவ்வளவு கூட வரும்?

தண்ணீரில் தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று பேரின் பட்டியலிலும் தண்ணீர் இல்லை.

ஐந்தாம் மாடியில் மின்வெட்டு வந்தால் மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. தங்கை இருபது லீற்றர் கானை ஐந்து மாடிக்குப் படியில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். லிப்ட் இல்லாத அந்த நாட்களில் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கும் சேர்த்துத் தூக்கியதில் அவளுடைய இடுப்பு இன்னும் சுகமாகவில்லை. ஓர் ஆளுக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும் என்பது அனர்த்த நிவாரணத்தில் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. நால்வருக்கு 60 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி ஒன்று இறுக்கிப் பிடித்தால் பதினாறு நாள் வரும். கொழும்பில் மாடியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முதல் செலவு தாங்கிக்கோ, மூடியுள்ள பெரிய பீப்பாய்களுக்கோ போகட்டும்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கிணறு இருக்கிறது. ஆனால் அம்மம்மாவின் கிணற்றில் இப்போது மின்சாரப் பம்பு மட்டும்தான். கப்பி தொங்கிய இரண்டு தூண்களையும் பார்வைக்கு நன்றாக இல்லை என்று முன்னர் இருந்தவர்கள் இடித்துவிட்டார்கள். மேலே வலை போட்டு மூடியாயிற்று. கண்ணுக்கு முன்னால் பதினைந்தடியில் தண்ணீர், அள்ள வழியில்லை. இரண்டு தூண், ஒரு குறுக்குக் கம்பி, ஒரு கப்பி, நைலோன் கயிறு, வாளி: மின்பிறப்பாக்கியின் விலையில் இது ஒரு சிறு துண்டு. பெரிய தாங்கியா கப்பியா என்று கேட்டால், கிணறு உள்ள வீட்டுக்குத் தயங்காமல் கப்பி என்பேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். எங்கள் நிலம் அழுக்கு நீர் எளிதில் கசியும் சுண்ணக்கல், மலக்குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கொதிக்கவைக்க நெருப்பு வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் நான் நெடுநேரம் பேசுவேன், தங்கைக்குத் தெரியும்.

எரிவாயுவைப் போல் சுத்தமானது, சுகமானது வேறு இல்லை. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று நால்வர் குடும்பத்துக்கு ஐந்தாறு வாரம் வரும். ஆனால் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்குள் இருந்த அதே சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். அந்த விலை கொடுக்கவும் பொருள் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துத் தெருவில் வரிசையாக விட்டுவிட்டு, இரவில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். தங்கை வாங்கிய மின்சார அடுப்பு மின்வெட்டு இல்லாத நேரத்துக்கு மட்டும் உதவியது. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி, மின்சாரம் போவதற்குள் மூன்று வேளைக்கும் சேர்த்துச் சமைத்துவைப்பாள்.

மண்ணெண்ணெய்க் குக்கர் ஒரு படி மேல். ஒரு கான் எண்ணெயைப் பல மாதம் வைத்திருக்கலாம், பெற்றோலைப் போல் சட்டென்று பற்றாது. ஆனால் அதுவும் கப்பலில் வருவதுதான். 2022 ஓகஸ்ட்டில் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. எங்கள் கடற்கரையில் எத்தனையோ வள்ளங்கள் அதனால் கரையேறி நின்றன. இரண்டாவது அடுப்பாக வைத்திருக்கலாம், முதல் அடுப்பாக நம்பக்கூடாது.

விறகு அடுப்புக்கு எங்கள் வளவே போதும். பொச்சுமட்டை, சிரட்டை, காவோலை, ஊமல், பூவரசு வெட்டிய கிளை. ஆனால் புகை இருக்கிறது. என் அம்மாவின் இருமல் அந்தப் புகை கொடுத்ததுதான் என்று நான் நம்புகிறேன். ஆகவே விறகு அடுப்பை வீட்டுக்குள் கட்டாதே, பின்பக்கம் திறந்த கொட்டிலில் கட்டு என்று தங்கையிடம் சொன்னேன்.

பலரும் மறந்துபோன நான்காவது வழி மரத்தூள் அடுப்பு. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. 2022 இல் ஒன்றை மீண்டும் செய்தேன். ஒரு பெரிய தகர வாளியின் அடிப்பக்கத்தில் கைமுட்டி அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். வாளியின் நடுவில் ஒரு கண்ணாடிப் போத்தலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஓர் உருளைக் கட்டையை அதன் அடிவரைக்கும் செருக வேண்டும். சுற்றிலும் உலர்ந்த மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, உலக்கை முனையால் இடித்து இறுக்க வேண்டும். வாய்வரை நிரம்பியதும் போத்தலைத் திருகி மேலே எடுத்து, கட்டையைப் பக்கவாட்டில் உருவினால், காற்றுப் போக ஒரு வளைந்த குகை நிற்கும். கீழ் ஓட்டையில் ஒரு கடதாசித் துண்டைக் கொளுத்தி வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் ஊதாமல் தள்ளாமல் எரியும். சோறும் கறியும் முடிந்து, குடிக்கும் தண்ணீரும் கொதித்துவிடும். மரத்தூள் ஈரமாக இருந்தாலோ, இடித்தது தளர்வாக இருந்தாலோ நடுவில் சரிந்து புகையும். முதல் மூன்று நாளும் எனக்குச் சரிந்தது. இதையும் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மர ஆலைக்காரர் அப்போது தூளைச் சும்மா கொடுத்தார். தெருவில் எல்லாரும் கேட்கத் தொடங்கியதும் மூடைக்கு விலை வைத்தார். எந்த வழியும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் அங்கேயும் வரிசை வந்துவிடும். அதனால் ஒரே அடுப்பை நம்பாமல் இரண்டு வகை அடுப்பை வைத்துக்கொள்வதுதான் என் முடிவு: அன்றாடத்துக்கு எரிவாயு, கொட்டிலில் விறகு. மரத்தூள் வாளி ஒன்றைச் செய்து மூலையில் கவிழ்த்து வைத்தால் செலவு எதுவுமில்லை.

இனி வெளிச்சம். தங்கையின் கணவரின் மின்பிறப்பாக்கி இங்கேதான் வருகிறது.

சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கி ஒன்று ஓரளவு பாரத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் குடிக்கும். 13 மணி நேர மின்வெட்டுக்கு 13 லீற்றர். 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கே 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்தான் கொடுத்தார்கள். அதற்கு முன்னரே கானில் பெற்றோல் கொடுப்பதைத் தடைசெய்திருந்தார்கள். ஆகவே மின்பிறப்பாக்கி வாங்கியவர்களில் பலர், காரின் தாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி அதற்கு ஊற்றினார்கள். வீட்டில் பெற்றோலைப் பதுக்குவதைப் பற்றி எனக்குப் பயம் அதிகம். பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு தவழ்ந்துபோய் அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். பிள்ளைகள் படுக்கும் வீட்டில் அது வேண்டாம். மின்பிறப்பாக்கியின் புகையும் ஆளைக் கொல்லும், மூடிய விறாந்தையில் ஓட்டக்கூடாது. மேலும், ஊரே இருட்டில் கிடக்கும்போது அந்த இரைச்சல், இந்த வீட்டில் எரிபொருள் இருக்கிறது என்று அரை மைலுக்குச் சொல்லும்.

சோலர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கூரை முழுக்கப் போட்டு மின்சார சபைக்கு விற்கும் வகை, வெளி மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் தாக்காமல் இருப்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கூரையில் சோலர் வைத்துவிட்டு நடுப்பகல் வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர். பற்றரியோடு சேர்ந்த வகை வேண்டும், இல்லையென்றால் அது வருமானத்துக்கான முதலீடு மட்டும்தான். எங்களுக்குத் தேவையானதோ மிகச் சிறியது: 100 வாட் தகடு ஒன்று, ஒரு பற்றரி, நான்கு எல்ஈடி பல்புகள், ஒரு சிறு விசிறி, தொலைபேசிக்கு மின்னேற்ற ஓர் இணைப்பு. யாழ்ப்பாண வெயிலுக்கு இது இரவு முழுக்கத் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி ஓடாது. ஓடாமலே வாழலாம்.

அதுவும் பழுதானால் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி, சைக்கிள் டியூப்பின் வால்வுக் குழாய் வழியாகத் திரியை விட்டால், பயறு அளவு சுடர் நிற்கும். அந்தச் சுடரில் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். போத்தலின் வாய்க்குக் கீழே சுவாலை இருப்பதால் காற்றுக்கு அணையாது. எண்ணெய் பஞ்சில் ஊறி இருப்பதால் தட்டிவிட்டாலும் கொட்டாது.

மின்பிறப்பாக்கிக்கு நான் இல்லை என்று சொன்னது இப்படித்தான். முதல் கேள்வியிலேயே அது தோற்றுவிட்டது.

தங்கையின் அரிசி மூடைக்கு வருகிறேன். அவள் சொல்வதில் பாதி சரி. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்கு 350 கிராம் என்று வைத்தால் நால்வருக்கு மாதம் 42 கிலோ, மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 125 கிலோ. அரிசியாக வைத்தால் வண்டு வரும். நெல்லாக வைத்தால் ஓர் ஆண்டும் நிற்கும், ஆனால் ஆலை ஓட மின்சாரமோ டீசலோ வேண்டும், அல்லது உரலும் உலக்கையும் அதைப் பிடிக்கும் கையும் வேண்டும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமான பீப்பாயில் அரிசி, நடுநடுவே காய்ந்த வேப்பிலை. காலபோகம் வெட்டியதும் மாசியில் இரண்டு மூடை நெல். புதியது பின்னுக்குப் போகும், பழையது முன்னுக்கு வந்து அடுப்பேறும். அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கும் மூடை, அவசரம் வரும்போது வண்டுக்கும் எலிக்கும் சொந்தமாகியிருக்கும்.

எதை அதிகம் சேர்ப்பது என்பதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது: வயலில் விளைவதைவிடக் கப்பலில் வருவதை முதலில் சேர். மைசூர்ப் பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா, மருந்து எல்லாம் டொலரைக் கொடுத்து வருபவை. டொலர் தீர்ந்ததும் முதலில் மறைந்தவை அவைதான். பயறு, உழுந்து, கௌப்பி, குரக்கன், தேங்காய், கருவாடு ஆகியவை விலை ஏறினாலும் ஊருக்குள் கிடைத்தன. இதற்கும் ஒரு விதிவிலக்கை நாங்களே பார்த்தோம். 2021 இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது வயலே பொய்த்தது. உள்ளூர்ப் பொருள் என்றும் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

அதனால்தான் என் மனம் பனைக்குப் போகிறது. உரம் கேட்காது, தண்ணீர் இறைக்கச் சொல்லாது. அம்மம்மா கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் செய்வார். அவிக்காமல் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அதை இடித்த மாவில் பிட்டும் கூழும். பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. ஓலைக் குட்டானில் பனங்கட்டி, சீனிக்குப் பதில். பெரிய பானையில் அவர் போட்டுவைத்த புழுக்கொடியல் அடுத்த கிழங்குக் காலம் வரை பல்லை உடைக்கும் கடினத்தோடு அப்படியே இருக்கும். கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைத்து, தேங்காய்ச் சொட்டோடு ஒரு துண்டைத் தருவார். அதை மென்று முடிக்க அரை மணி நேரம் ஆகும், பசி அடங்கிவிடும். ஒரு பைக்குள் போட்டுத் தோளில் மாட்டினால் ஐந்து நாள் வழிக்கு வரும். 1995 இல் எங்களுக்கு வந்தது. மூன்று கேள்விக்கும் ஆம் என்று சொல்லும் உணவு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கடையில் வாங்கும் மூடைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைத் தங்கை இந்த மாரிக்குக் கிழங்குப் பாத்தி போடச் செலவழிக்கட்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 இல் வங்கியில் ரூபாயாக வைத்தவர்களின் சேமிப்பு பாதி கரைந்தது. தங்கப் பவுண் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், அடைவுகடையும் அவர்களுக்குத் திறந்திருந்தது. ஆனால் 2009 இல் முள்ளிவாய்க்காலில் பவுணைக் கொடுத்து அரிசி கேட்டவர்களின் கதைகளையும் நான் கேட்டிருக்கிறேன். விற்பதற்கு ஒருவரிடம் அரிசி இருக்கும்வரைதான் பவுணுக்கு மதிப்பு. கொஞ்சம் பவுண், ஒரு மாதச் செலவுக்குக் கையில் காசு போதும்.

மருந்துக்கான செலவில் எவரும் கை வைக்காதீர்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, தைரோயிட் மாத்திரைகளை வைத்தியரிடம் சொல்லி இரண்டு மாதம் முன்கூட்டி வைத்திருக்க வேண்டும். 2022 இல் அரசாங்க மருத்துவமனைகளிலேயே மருந்து தீர்ந்தது. இந்த மாத்திரைகள், உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு ரோச், பை நிறையப் புழுக்கொடியல். இவை ஒரே பையில், எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும். என் வீட்டில் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மருமகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

மிச்சம் இருப்பது மதில். சேர்த்த பொருளை எப்படிக் காப்பது என்ற கேள்வி.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் மதிலே இல்லை. கதியால் நட்டு, கிடுகு வைத்து அடைத்த வேலிகள். ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு இருக்கும். குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. உப்புக் கடன் போவதும், கறிக் கோப்பை வருவதும், அம்மாமார் பின்னேரம் கதைக்கப் போவதும் அதன் வழியாகத்தான். விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் கிழக்குப் பொட்டால் ஓடுவோம். பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்ட பதுங்குகுழி அடுத்த வளவில் இருந்தது. மூன்று வீட்டுக்கும் ஒரே பதுங்குகுழி. எங்கள் நிலத்தில் தோண்டினால் தண்ணீர் ஊறியதால், அப்பாவும் அந்த வீட்டு ஐயாவும் சேர்ந்து அங்கே வெட்டினார்கள். குற்றி எங்களுடையது, நிலம் அவர்களுடையது.

போர் முடிந்து வெளிநாட்டுக் காசு வந்ததும் மதில்கள் வந்தன. உறுதிதான், கறையான் அரிக்காது, ஆண்டுக்கு ஆண்டு கிடுகு மாற்றத் தேவையில்லை, மாடு நுழையாது. இவை உண்மையான நன்மைகள், நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 இல் எங்கள் ஒழுங்கையில் களவு போனவற்றை எண்ணிப் பார்க்கிறேன்: ஒரு நீரிறைக்கும் இயந்திரம், இரண்டு மோட்டார் சைக்கிள் தாங்கிகளிலிருந்த பெற்றோல், மூன்று வாழைக்குலை. இயந்திரம் போனது ஒழுங்கையிலேயே மிக உயரமான மதில் உள்ள வீட்டில். கள்ளர் ஏறிக் குதித்த பிறகு அந்த மதில் அவர்களைத்தான் எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது. ஆறுதலாகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாழைக்குலை போன இரவு, வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நாய் குரைத்து, ரோச் வெளிச்சம் நான்கு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அடித்ததால், நான்காவது குலையை மரத்தடியிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள்.

கண்காணிப்புக் கமெரா மின்வெட்டில் குருடு. துப்பாக்கி பற்றித் தங்கையின் கணவர் ஒருமுறை பேச்செடுத்தார். பிள்ளைகள் உள்ள வீட்டில், அதுவும் இவ்வளவு துப்பாக்கிகளைப் பார்த்து முடித்த ஊரில், அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாய் நல்லது. ஒன்றுக்கு இரண்டாக வளர்க்கலாம், சோறு மிஞ்சும் காலம் வரை.

மறைத்து வைப்பதா, பகிர்ந்து வைப்பதா என்பதில்தான் எனக்கும் தங்கைக்கும் உண்மையான கருத்து வேறுபாடு. ஐந்தாம் மாடியில் அவள் பால்மாப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கைக்குழந்தை இருந்தது. ஆனால் அடுத்த வீட்டிலும் ஒரு குழந்தை இருந்ததாம். சுவருக்கு அந்தப் பக்கம் அது அழும் சத்தத்தை ஒரு வாரம் கேட்டுவிட்டு, எட்டாம் நாள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது இன்றும் அவளுக்குக் குரல் மாறும். ஒழுங்கையில் இது இன்னும் கடினம். வாசனை வேலியைத் தாண்டும். எல்லார் வீட்டிலும் கூழ் கொதிக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் இறைச்சி பொரிய முடியாது. அப்படிப் பொரித்த வீட்டுக்குப் பிறகு அவசரத்தில் யாரும் ஓடிவர மாட்டார்கள்.

நாங்கள் அந்த ஆண்டு செய்தது இது. ஐந்து வீடு சேர்ந்து, வன்னியிலிருந்து வந்த லொறியில் நெல்லை மொத்தமாக வாங்கினோம். என் கொட்டிலில் இரண்டு அடுப்பு, எரிவாயு தீர்ந்த இரண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் பானையோடு வந்தார்கள். மேற்கு வீட்டுப் பெடியன் சைக்கிளில் கரையூருக்குப் போய் ஐந்து வீட்டுக்கும் மீன் கொண்டுவந்தான். கிழக்கு வீட்டு அக்கா தாதியாக வேலை செய்தவர், என் அம்மாவின் அழுத்தத்தைப் பார்த்துச் சொன்னார். எவருடைய வீட்டிலும் மூன்று மாதச் சாமான் இருக்கவில்லை. ஐந்து வீட்டிலும் சேர்த்து இருந்தது. பதுக்கினால் எனக்குச் சோறு கிடைத்திருக்கும். மீனும் தாதியும் கிடைத்திருக்காது. நெல் ஐந்து வீட்டில் பிரிந்து இருந்ததால், ஒரு வீட்டைக் கொள்ளையடித்தாலோ தீப்பிடித்தாலோ எல்லாம் போய்விடும் என்ற பயமும் இல்லை.

ஆகவே தங்கைக்கு நான் கொடுத்த வரிசை இது: முதலில் கப்பி. அடுத்து கொட்டிலும் விறகு அடுப்பும். பிறகு பற்றரியோடு சிறிய சோலர். அரிசி, பருப்பு, மருந்து இரண்டு மாதத்துக்கு, ஒரே நாளில் வாங்காமல் மாதாமாதம் கொஞ்சம் கூட்டி. கிழங்குப் பாத்தி. மின்பிறப்பாக்கி வேண்டாம். மதிலை ஐந்தடியோடு நிறுத்தினால் மிஞ்சும் காசில் இவற்றில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஐந்தடிக்கு மேலே ஆளின் தலை தெரியும், குரலும் கேட்கும்.

அவள் கணவர் சம்மதிக்க இரண்டு நாள் எடுத்தார். மின்பிறப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்க வைத்திருந்த காசை எடுத்து மேசனின் கையில் வைத்தார். நேற்றுக் காலை கிழக்குப் பக்கம் அத்திவாரம் வெட்டினார்கள். பழைய பொட்டு இருந்த இடத்தில், பூவரசங்கதியால் இரண்டுக்கும் நடுவே, மதிலில் இடைவெளி விட்டு ஒரு சின்னப் படலை வைக்கச் சொல்லியிருக்கிறோம். எவ்வளவு அகலம் விட வேண்டும் என்று மேசன் கேட்டார். தங்கை உள்ளே போய், அரிசி மூடை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கதியால்களுக்கு நடுவில் நின்று காட்டினாள்.